மேக்புக் ஏர் எம்4: ஒரு வாட் கூடினால் மூன்று மணி நேரம் போச்சு

13 அங்குல மேக்புக் ஏர் எம்4-க்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு: வைஃபையில் இணையம் பார்த்தால் 15 மணி நேரம், ஆப்பிள் டிவி ஆப்பில் படம் ஓட்டினால் 18 மணி நேரம். உள்ளே இருப்பது 53.8 வாட்-அவர் பேட்டரி (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு வாட்-அவர்). அப்படியொன்றும் பெரிய பேட்டரி இல்லை. 2025 மார்ச்சில் இது இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்தபோது, அதே விலையில் 60, 70 வாட்-அவர் பேட்டரியோடு விண்டோஸ் லேப்டாப்கள் கிடைத்தன. தொட்டி சிறியதுதான். குழாய் அதைவிடச் சிறியது.

53.8-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக 3.6 வாட் வரும். திரை, சிப், வைஃபை எல்லாம் சேர்த்துத்தான் இவ்வளவு. பூஜை அறையில் எரியும் பழைய ஜீரோ வாட் பல்பே 12 முதல் 15 வாட் இழுக்கும். அதில் கால்வாசிச் செலவில் ஒரு முழு கம்ப்யூட்டர் ஓடுகிறது.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 3.6 வாட்டில் ஓடுகிற மெஷினில் ஏதோ ஒன்று கூடுதலாக 1 வாட் இழுத்தால் மொத்தம் 4.6 வாட் ஆகும், 15 மணி நேரம் 11.7 மணி நேரமாகக் குறையும். 12 வாட்டில் ஓடும் 60 வாட்-அவர் லேப்டாப்பிலும் அதே 1 வாட் கூடட்டும், அங்கே போவது 25 நிமிடம்கூட இல்லை. கல்யாண வீட்டில் பத்து இலை கூடப் போட்டாலும் யாருக்கும் தெரியாது, கஞ்சி குடிக்கிற வீட்டுக்கு ஒரே ஒரு விருந்தாளி வந்தாலும் கணக்கு உதைக்கும். "15 மணி நேரம்னு சொன்னாங்க, எனக்கு எட்டு மணி நேரம்கூட வரல" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பேட்டரிப் பழுது இல்லை, அழைக்காமல் வந்த இந்த விருந்தாளிகள்தான்.

ஆப்பிளின் சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திரை வெளிச்சம் அடியிலிருந்து 8 அழுத்தம், அதாவது இருக்கிற 16-இல் பாதி. பிரபலமான 25 இணையதளங்கள், வைஃபை. பின்னணியில் வாட்ஸ்அப்போ டிரைவ் சிங்கோ மீட்டிங்கோ கிடையாது. பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் யாருடைய வேலைநாளும் அப்படி இருக்காது.

வாங்கும்போதும் முதல் வாரமும்

கடையிலேயே செய்ய வேண்டியது ஒன்று. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' வரும். அதில் 'பவர்' பகுதியில் 'சைக்கிள் கவுன்ட்' பாருங்கள், பேட்டரி இதுவரை எத்தனை முறை முழு அளவுக்குச் செலவாகியிருக்கிறது என்ற எண் அது. புதுப் பெட்டியில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 30, 40 என்று காட்டினால் அது டிஸ்பிளேயில் வைத்திருந்த பீஸ். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு கேளுங்கள்.

"முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க" என்று கடைக்காரர் சொல்வார். நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை அது. லித்தியம்-அயன் பேட்டரிக்குப் பொருந்தாது. முழுக்கக் காலி செய்து முழுக்க ஏற்றும் பழக்கமும் அதே காலத்து மிச்சம்தான். இந்த பேட்டரியை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது கெடுதல்.

முதல் மூன்று நான்கு நாள் பேட்டரி ஏமாற்றும். மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் எல்லாக் கோப்புகளையும் அட்டவணைப்படுத்தும், ஐகிளவுட் படங்களை இறக்கும், ஃபோட்டோஸ் ஒவ்வொரு படத்திலும் முகம் தேடும், ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டலிஜென்ஸ் தன் மாடல்களை இறக்கிக்கொள்ளும். எந்த நிரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட மேக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் எம்டிவொர்க்கர், ஃபோட்டோஅனாலிசிஸ் என்று தொடங்கும் பெயர்கள் மேலேயே நின்றால் இதுதான் நடக்கிறது. எதையும் கொல்ல வேண்டாம், கொன்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். சார்ஜரில் போட்டு, திரையைத் திறந்தே வைத்து, ஒன்றிரண்டு இரவு விட்டுவிடுங்கள். அந்த வாரத்தை வைத்து பேட்டரியை எடை போட்டு விமர்சனம் எழுதுவது பாவம்.

விருந்தாளியைப் பிடிப்பது

ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். 'கோகோநட்பேட்டரி' என்ற சின்ன ஆப்பின் இலவசப் பதிப்பே இந்த நொடியில் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும். சார்ஜரைக் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, வழக்கமான வேலை நடக்கும்போது பாருங்கள். 3 முதல் 5 வாட் என்றால் நல்ல நிலை. எதுவும் செய்யாமல் இருக்கும்போதே 6, 7 காட்டினால் உள்ளே யாரோ உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

யார் என்பதை ஆக்டிவிட்டி மானிட்டரின் 'எனர்ஜி' பக்கம் சொல்லும். 'எனர்ஜி இம்பாக்ட்' அந்தக் கணத்தின் கணக்கு, '12 ஹவர் பவர்' அரை நாள் கணக்கு. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். இப்போது சாதுவாகத் தெரியும் ஒன்று மதியம் முழுக்க ஓடியிருக்கலாம். 'பிரிவென்டிங் ஸ்லீப்' என்ற பத்தியில் 'எஸ்' என்று இருப்பவை மேக்கைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பவை. மீதமிருக்கும் நேரமும் இதே பக்கத்தின் அடியில் கிடைக்கும். 2016 டிசம்பரில் மெனு பாரிலிருந்து அதை ஆப்பிள் எடுத்துவிட்டது. சதவீதத்தை வைத்துக்கொண்டு நேரத்தை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள் என்ற அந்த முடிவு இன்றைக்கும் எரிச்சல்தான்.

அதிகம் பேர் கவனிக்காத திருடன் இன்டெல் பதிப்பு ஆப்கள். பழைய இன்டெல் மேக்கிலிருந்து 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' வழியாக எல்லாவற்றையும் கொண்டுவந்தால் பழைய ஆப்களும் கூடவே வரும். அவை ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் மேல் ஓடும். வேலை நடக்கும், மின்சாரம் கூடப் போகும். புது மேக்கில் ரொசெட்டா முன்கூட்டியே இருக்காது. முதல் முறை ஓர் இன்டெல் ஆப்பைத் திறக்கும்போது 'ரொசெட்டாவை நிறுவவா' என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் உடனே சரி சொல்லாமல், அந்த ஆப்பின் தளத்தில் ஆப்பிள் சிப்புக்கான பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஏற்கெனவே நுழைந்துவிட்டவற்றைக் கண்டுபிடிக்க, ஆக்டிவிட்டி மானிட்டரில் சிபியு பக்கத்தில் 'கைண்ட்' பத்தியைப் பாருங்கள், 'இன்டெல்' என்று எழுதியிருக்கும். பிரவுசரும் மீட்டிங் ஆப்பும் இப்படி இருந்தால் அவற்றை மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பேட்டரி ஒருபுறம் இருக்கட்டும், ரொசெட்டாவுக்கே ஆயுள் முடியப்போகிறது. மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு முழு ஆதரவு இல்லை என்று ஆப்பிள் 2025-லேயே அறிவித்துவிட்டது.

தமிழ் தட்டச்சுக்காகப் பழைய கீபோர்டு ஆப் எதையாவது தூக்கிவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்99, அஞ்சல் இரண்டும் மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. 'கீபோர்டு' அமைப்பில் 'இன்புட் சோர்சஸ்' போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். எப்போதும் பின்னணியில் விழித்திருக்கும் ஓர் ஆப் மிச்சம். மேக்கைச் 'சுத்தம்' செய்கிறோம், வேகமாக்குகிறோம் என்று வரும் கிளீனர் ஆப்களும் அப்படித்தான். டிஸ்க்கை ஓயாமல் துழாவிக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. போடவே வேண்டாம்.

பிரவுசர் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். பேட்டரிக்கு சஃபாரிதான் நல்லது. குரோம் முன்பு இருந்த அளவுக்கு மோசமில்லை. குரோம் இல்லாமல் முடியாது என்றால் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் போய், 'எனர்ஜி சேவர்' என்பதை 'சார்ஜர் கழற்றியவுடன்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 20% வந்த பிறகுதான் அது விழிக்கும். 'மெமரி சேவர்' என்பதையும் ஆன் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன்களில் பாதியை எடுத்துவிடுங்கள். யூடியூபில் 4கே வைப்பதில் அர்த்தமே இல்லை. இந்தத் திரையில் இருப்பது 2560-க்கு 1664 புள்ளிகள். 1080 போதும், ஆசைப்பட்டால் 1440. எம்4-இல் ஏவி1 (யூடியூப் பயன்படுத்தும் சுருக்க முறைகளில் ஒன்று) வீடியோவைப் பிரிப்பதற்குத் தனிச் சில்லுப் பகுதி உண்டு. அதனால் வீடியோ பார்ப்பது இதில் மலிவான வேலைதான்.

மலிவில்லாதது வீடியோ மீட்டிங். கேமரா, படத்தைச் சுருக்குதல், இரைச்சல் நீக்கல், இடைவிடாத அப்லோடு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். சாதாரண பிரவுசிங்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் நான்கு மணி நேரம் மீட்டிங்கில் இருப்பவருக்கு 15 மணி நேரம் எந்தக் காலத்திலும் வராது, 9 அல்லது 10 வந்தால் நல்ல விஷயம். எல்லோர் முகமும் தெரியும் கட்டக் காட்சியை விட்டு, பேசுபவர் மட்டும் தெரியும் காட்சிக்கு மாறினால் கொஞ்சம் மிச்சம். பின்னணியை மங்கலாக்குவதை விட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம்.

திரை, ஹப், மூடிய மூடி

இந்தத் திரை எல்சிடி, உச்ச வெளிச்சம் 500 நிட்ஸ். எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், கறுப்புப் புள்ளி அதை மறைக்கத்தான் செய்யும். ஆகவே டார்க் மோட் போட்டால் பேட்டரி நீடிக்கும் என்பது ஓஎல்இடி போன்களுக்கு உண்மை, இதற்கு இல்லை. கண்ணுக்கு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம். உண்மையில் மிச்சப்படுத்துவது வெளிச்ச விசை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆட்டோ பிரைட்னஸ் தானாகவே மேலே ஏறும், கூடுதல் வாட் மொத்தமும் அங்கேதான் போகும். நாற்காலியைத் திருப்பிப் போடுவது எந்த செட்டிங்ஸையும்விடப் பலன் தரும். கீபோர்டு விளக்கு நீங்கள் தொடாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும். 'கீபோர்டு' அமைப்பில் அது அணையும் நேரத்தை 10 நொடி ஆக்கிவிடுங்கள்.

இரண்டே யுஎஸ்பி-சி துளைகள் என்பதால் எல்லோரும் ஹப் வாங்குகிறார்கள். எச்டிஎம்ஐ, கார்டு ரீடர், லேன் எல்லாம் உள்ள ஹப்பைச் சும்மா செருகிவைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சுடும். அந்தச் சூடு உங்கள் பேட்டரியிலிருந்து போனது. பென்டிரைவ் போட்டு எடுத்தவுடன் ஹப்பையும் கழற்றிவிட வேண்டும். வெளி எஸ்எஸ்டிக்கும் இதே விதி.

இரவில் மூடிவைத்தால் காலைக்குள் 1 அல்லது 2% போவது இயல்பு. 8, 10% போனால் ஒன்றரை மணி நேரம் வரை வேலை விரயமானதாக அர்த்தம். முதல் சந்தேகம் செருகியே விட்ட ஹப். அடுத்தது 'பேட்டரி' அமைப்பில் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் 'வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்'. அதை 'ஒன்லி ஆன் பவர் அடாப்டர்' ஆக்குங்கள். அதற்குப் பிறகும் போனால் 'பிரிவென்டிங் ஸ்லீப்' பத்தியில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். 'தூங்காதே' வகைச் சின்ன ஆப் ஒன்றை எப்போதோ போட்டு மறந்திருப்பீர்கள்.

லோ பவர் மோட் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். அது சிப்பின் உச்ச வேகத்தைக் கட்டிப்போடும், திரையைச் சற்று மங்கச் செய்யும். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது சிப் ஏற்கெனவே ஓய்வில்தான் இருக்கிறது, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வீடியோ எக்ஸ்போர்ட், கோடு கம்பைல் போன்ற வேலையில்தான் பலன். உச்ச வேகத்துக்கு மின்னழுத்தம் அதிகம் தேவை, கடைசிக் கொஞ்ச வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். வேலை மெதுவாக முடியும், ஆனால் மொத்தச் செலவு குறையும். 'ஒன்லி ஆன் பேட்டரி' என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

வெயிலும் சார்ஜும்

பேட்டரி இன்று எத்தனை மணி நேரம் வரும் என்பது ஒரு கேள்வி, நான்கு வருடம் கழித்து எத்தனை மணி நேரம் வரும் என்பது வேறு கேள்வி. 1000 சைக்கிள் தாங்கும் என்பது ஆப்பிள் சொல்லும் அளவு. ஒரு சைக்கிள் என்பது ஒருமுறை சார்ஜரைச் செருகுவது இல்லை, மொத்தமாக 100% அளவு இறங்குவது. இன்று 60, நாளை 40 இறங்கினால் சேர்த்து ஒன்று. நாளுக்கு 60% செலவழிப்பவருக்கு 1000 சைக்கிள் ஆக நாலரை வருடம் பிடிக்கும். ஆக நம் ஊரில் சைக்கிளைவிட வெப்பம்தான் பெரிய எதிரி.

இந்த மெஷினைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் எல்லை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறை அதைச் சுலபமாகத் தாண்டும். ஏரில் ஃபேன் கிடையாது. தூசி உறிஞ்சாது, சத்தம் போடாது, அது வரம். ஆனால் அலுமினிய உடம்புதான் சூட்டை வெளியேற்றும் ஒரே வழி. மெத்தைமேல், தலையணைமேல் வைத்தால் அந்த வழி அடைபடும். கீறல் விழாமல் இருக்க மாட்டும் கெட்டி பிளாஸ்டிக் கவரும் அதையேதான் செய்கிறது, சார்ஜ் ஏறும்போதாவது கழற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம். அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிதான் எல்லை.

எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருந்தால் பேட்டரி வெடித்துவிடாது, அளவுக்கு மீறி ஏறவும் ஏறாது. ஆனால் 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில், மாதக்கணக்கில் நின்றால் சீக்கிரம் மூப்படையும். 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' என்பது உங்கள் பழக்கத்தைப் படித்து 80-இல் நிறுத்திவைக்கப் பார்க்கும். தினமும் ஒரே நேரத்தில் கழற்றுபவரிடம் நன்றாக வேலை செய்யும், ஷிப்ட் மாறி மாறி வருபவரிடம் குழம்பும். இந்த மாடலோடு வந்த மேக்ஓஎஸ் 15-இல் 80-இல் நிறுத்து என்று நாமே கட்டளையிட வசதி இல்லை. அதற்கு 'அல்டென்டே' என்ற ஆப் தேவை. புதிய பதிப்புக்கு மாறியிருந்தால் முதலில் பேட்டரி அமைப்புக்குள் சார்ஜ் வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் ஆப்பைத் தேடுங்கள். 80-இல் கட்டிப்போட்டவர்கள் மாதம் ஒருமுறை 100 வரை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சதவீதக் கணக்கு பிசகும். சில மாதத்தில் 'மேக்சிமம் கெபாசிட்டி', அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது மிச்சமிருக்கும் சதவீதம், 99, 98 என்று இறங்குவது சாதாரணம், அதற்காகச் சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

அடிப்படை மாடலோடு வரும் 30 வாட் அடாப்டர் இரவில் சார்ஜ் போடுபவருக்குப் போதும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இருப்பவருக்கு 70 வாட் அடாப்டர் வாங்கும் காசு வீணாகாது. 30 வாட்டில் அரை மணி நேரக் கரண்ட் ஏறக்குறைய கால் பங்குதான் ஏற்றும், 70 வாட்டில் பாதி ஏறிவிடும். லேப்டாப்புக்கு யுபிஎஸ் தேவையே இல்லை. அந்தக் காசுக்கு வைஃபை ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரூட்டர் அணைந்தால் போன் ஹாட்ஸ்பாட்டுக்குப் போக வேண்டியிருக்கும், சிக்னல் மோசமான இடத்தில் அது லேப்டாப் பேட்டரி, போன் பேட்டரி இரண்டையும் தின்னும்.

யாருக்கு ஒத்துவராது

டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்டுபவர்கள் நின்று யோசிக்க வேண்டும். டேலிபிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்கிலேயே நிறுவ வேண்டுமென்றால், மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போன்ற ஓர் ஆப்புக்குள் ஆர்ம் விண்டோஸ் 11-ஐ (ஆர்ம் வகைச் சிப்களுக்கான பதிப்பு, ஆப்பிள் சிப்பும் அந்த வகைதான்) ஓட்டி, அதற்குள் டேலியைத் திறக்க வேண்டும். ஒரே பேட்டரியில் இரண்டு கம்ப்யூட்டர் ஓடுவதற்குச் சமம் அது. 15 மணி நேரத்துக்காகக் கொடுத்த காசு அங்கேயே கரைந்துவிடும். ஆடிட்டர் ஆபீஸுக்கு இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசைச் சிப் உள்ள லேப்டாப் பொருத்தமானது. பேட்டரியில் ஏருக்கு அருகில் வந்துவிட்ட முதல் இன்டெல் வரிசை அது. ஆர்ம் வகைச் சிப்பான ஸ்னாப்டிராகன் எக்ஸ் உள்ள லேப்டாப்களும் நன்றாக நிற்கும், ஆனால் பழைய பிரின்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் டிரைவர் ஆர்ம் விண்டோஸில் ஓடுகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒன்றில் மட்டும் ஏரைத் தயங்காமல் பாராட்டலாம். பல விண்டோஸ் லேப்டாப்கள் சார்ஜரைக் கழற்றியதும் வேகத்தைக் குறைத்துத்தான் நேரத்தை நீட்டுகின்றன. ஏரில் லோ பவர் மோட் போடாதவரை சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகம் ஒன்றே.

நீண்ட ரயில் பயணத்துக்குப் பவர் பேங்க் வாங்குபவர்கள் எம்ஏஹெச் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அட்டையில் 20,000 எம்ஏஹெச் என்றால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும்: 74 வாட்-அவர். மாற்றத்தில் வீணாவது போக 60 சொச்சம் கைக்கு வரும். ஏருக்கு ஒரு முழு சார்ஜ், அவ்வளவுதான். யுஎஸ்பி-சி துளையில் பவர் டெலிவரி 30 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போனுக்கான 18 வாட் பவர் பேங்க்கைச் செருகிவிட்டு வேலையும் செய்தால் சதவீதம் நகராமல் அடம்பிடிக்கும். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோக எல்லை 100 வாட்-அவர், அதாவது 27,000 எம்ஏஹெச். அதுவும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. வாட்-அவர் எண் அச்சிடாத பவர் பேங்க்கை செக்யூரிட்டியில் பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடும், வாங்கும்போதே அந்த எண் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.